படகில் குடித்தனம்: வீட்டு வேலைகளும் சாதனங்களை மாற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லங்காவித் தீவை ஒட்டிய கடலில், பதினோரு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகில் நானும் என் கணவரும் குடியிருக்கிறோம். வடக்கே புக்கெட், தெற்கே பினாங்கு. ஆண்டின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே நங்கூரம் போட்டபடியே கழிகிறது. உறவினர்களும் படகு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களும் எங்களிடம் புயலைப் பற்றிக் கேட்பது குறைவு. துணி எங்கே காய்கிறது, மாவு எப்படி அரைக்கிறீர்கள், ஃபிரிட்ஜ் கெட்டால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

படகுக்குக் குடிபோனால் வீட்டு வேலை குறையுமா?

குறையாது. கூட்டித் துடைக்கப் பத்து நிமிடம் போதும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் கொண்டுவருவது, மின்சாரம் உண்டாக்குவது, கழிவை அகற்றுவது என்று ஊரில் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் வேலையெல்லாம் இங்கே நம் தலையில் வந்து விழும். அதோடு, படகில் துடைப்பதும் கழுவுவதும் சுத்தத்துக்காக மட்டும் செய்வதில்லை. எங்கே ஒழுகுகிறது, எது தளர்ந்திருக்கிறது, எது துருப்பிடிக்கிறது என்பதைத் துணி பிடித்த கைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

காலையில் காபிக்குத் தண்ணீர் வைத்ததும் தரைப் பலகை ஒன்றைத் தூக்கி, படகின் அடிவயிற்றில் கை விட்டுப் பார்ப்பேன். பில்ஜ் என்று சொல்லப்படும் அந்தப் பள்ளம் உலர்ந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒருநாள் விரல் நனைந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரிக்கவில்லை. அப்படியென்றால் கடல் உள்ளே வரவில்லை, எங்கள் குடிதண்ணீர்தான் போய்க்கொண்டிருக்கிறது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்தேன். குழாயை இறுக்கும் கிளிப் ஒன்று துரு தின்று பாதி அறுந்திருந்தது. இன்னும் ஓர் இரவு விட்டிருந்தால் கிளிப் முழுதாக அறுந்திருக்கும். 350 லிட்டர் குடிநீர்த் தொட்டியே காலியாகியிருக்கும். உப்புக் கரித்திருந்தால் காபியை மறந்துவிட்டு, கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளையெல்லாம் ஒவ்வொன்றாக மூடியிருப்பேன்.

அந்த வால்வுகள் எங்கே இருக்கின்றன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டுமா?

கட்டாயம். எங்கள் படகின் அடியில் ஏழு துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். வால்வே உடைந்துபோனால் அந்தக் கட்டையைத் துளையில் அடித்து இறுக்க வேண்டும். மாதம் ஒருமுறை எல்லா வால்வுகளையும் திறந்து மூடிப் பார்ப்பது என் வேலை. ஆறு மாதம் தொடாமல் விட்டால் இறுகிக்கொள்ளும். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏழையும் தொட்டுக் காட்டத் தெரிந்தவர்தான் இரவில் காவலுக்கு உட்காரலாம் என்பது எங்கள் விதி.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும்?

இருவருக்கு 25 முதல் 30 லிட்டர். ஊரிலிருந்து வருபவர்கள் முதல் இரண்டு நாள் இதை நம்பமாட்டார்கள். மூன்றாவது நாள் தாங்களாகவே குழாயைச் சட்டென்று மூடப் பழகிவிடுவார்கள்.

பாத்திரம் கழுவும் எங்கள் தொட்டிக்கு இரண்டு குழாய்கள். ஒன்றில் நல்ல தண்ணீர் வரும், மற்றொன்றில் கடல்நீர் வரும். இரண்டும் காலால் மிதிக்கும் பம்பில் வேலை செய்பவை. அரிசி களைந்த நீரில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, கடல்நீரில் தேய்த்துக் கழுவி, கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசி எடுப்பேன். மரினா எனப்படும் படகுத்துறைக்குள்ளும் ஊர்ப் பக்கத்துக் கழிமுகத்திலும் கடல்நீரைப் பாத்திரத்தில் படவிட மாட்டேன். படகு வாங்கியதும் செய்யக்கூடிய மிகச் சிறந்த மாற்றம் எது என்று கேட்டால், மின் பம்பு வைத்த குழாயை நிறுத்திவிட்டு மிதி பம்பு பொருத்துவதைச் சொல்வேன். மிதித்தால்தான் வரும் என்றால் யாரும் வீணாக்க மாட்டார்கள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வாங்கலாமா?

ஒரே தீவுக்கூட்டத்தில் சுற்றுபவர்களுக்குத் தேவையில்லை. மழையும் கரைக் குழாயும் போதும். பல வாரம் கரை தொடாமல் போகிறவர்களுக்கு அது பெரிய விடுதலை.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியே சுமார் 55 பார் அழுத்தத்தில் தள்ளினால் நீர் மட்டும் மறுபக்கம் வரும். அந்தச் சவ்வைப் பச்சைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் மிதக்கும் துறைமுக நீரை உள்ளே விட்டால் பாழாகிவிடும். குளோரின் பட்டாலும் பாழாகும். கரையில் பிடித்த குழாய்த் தண்ணீரால் அலசும்போது கரி வடிகட்டி இல்லாமல் அலசக் கூடாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் ஊறவைக்க வேண்டும். இயந்திரம் வாங்கிய காசைவிட, இந்த ஒழுங்கைக் காப்பாற்ற முடியாமல் சவ்வை மாற்றிய காசுதான் பலருக்கு வலிக்கிறது.

துணி துவைப்பது எப்படி?

மூடி போட்ட பெரிய வாளி ஒன்றில் துணி, சோப்புத்தூள், பாதியளவு தண்ணீர். காலையில் நங்கூரத்தைத் தூக்கிப் புறப்படும்போது மூடியை இறுக்கிப் பின்தளத்தில் கட்டிவிடுவோம். நான்கு மணி நேரம் அலையே குலுக்கித் துவைத்துவிடும். கரை சேர்ந்ததும் அலசிப் பிழிவதுதான் மிச்சம். நங்கூரத்தில் நிற்கும் நாட்களில் காலால் மிதிக்கிறோம்.

கடல்நீரில் துவைக்கலாமா என்று கேட்பார்கள். முதல் துவைப்புக்குச் செய்யலாம். கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான் இருக்க வேண்டும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உப்பு தங்கிய துண்டு வெயிலில் மொடமொடவென்று காயும். பொழுது சாய்ந்ததும் மறுபடி நமநமவென்று ஈரமாகிவிடும். படுக்கை விரிப்பில் அப்படி ஆனால் உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும்.

பிழிவதுதான் கடினம். போர்வையைக் கைப்பிடிக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்குவோம். ஓரத்துக் கம்பிவடத்தில் காயப்போடும்போது துணியை வெறும் கிளிப்பில் தொங்கவிடாமல், வடத்தைச் சுற்றி மடித்துக் கிளிப் போட வேண்டும்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இரவில் துணியை வெளியில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. மலாக்கா நீரிணையில் ‘சுமத்ரா’ என்று ஒரு காற்று உண்டு. பெரும்பாலும் விடியலுக்கு முன், மேற்கே கரிய மேக வளைவாகத் தெரிந்து, சில நிமிடங்களில் 40 நாட் (மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர்) வேகத்தில் வந்து விழும். அந்த நேரத்தில் நங்கூரத்தைப் பார்ப்பதா, பறக்கும் சட்டையைப் பார்ப்பதா? பொழுது சாயும்போதே எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுவது எங்கள் பழக்கம். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்று வறண்டு வீசும். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். போர்வை, மெத்தை உறை எல்லாம் அந்தப் பருவத்துக்கென்றே காத்திருக்கும்.

சின்ன சலவை இயந்திரம் ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

வைத்துக்கொள்ளலாம். வாங்குவதானால், நீர் சூடாக்கும் பகுதி இல்லாத, இரட்டைத் தொட்டி வகையாகப் பாருங்கள். சுழற்றிப் பிழியும் தொட்டிக்காகவே அது பயன்படும். தானியங்கி இயந்திரம் ஒரு துவைப்புக்கு நாற்பது ஐம்பது லிட்டரை எளிதில் குடித்துவிடும். இரண்டு நாள் தண்ணீர் அது. கைக்குழந்தையோடு வாழும் ஒரு குடும்பம் எங்களுக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டிருந்தது. அவர்களுக்கு இயந்திரம் ஆடம்பரம் இல்லை. அது இல்லாமல் படகு வாழ்க்கையே நடந்திருக்காது. எங்கள் இருவருக்கு அது இடத்தை அடைக்கும் பெட்டி.

ஒரு சாதனத்தை எங்கள் படகின் மின்சாரம் தாங்குமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

சாதனத்தை வாங்கிவிட்டு மின்சாரத்தை யோசிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. கணக்கு எளிது. சாதனத்தில் எழுதியிருக்கும் வாட்டை 12ஆல் வகுத்தால் பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் என்று தெரியும். இன்வெர்ட்டரில் வீணாவதற்குப் பத்து விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். அதை ஓடும் மணிக்கணக்கால் பெருக்கினால் ஆம்பியர்-மணி.

2000 வாட் மின்கெட்டில் கிட்டத்தட்ட 185 ஆம்பியர் இழுக்கும். ஐந்து நிமிடத்தில் 15 ஆம்பியர்-மணி போய்விடும். நாளுக்கு நான்கு முறை தேநீர் என்றால் 60. எங்கள் ஃபிரிட்ஜ் ஒரு நாள் முழுக்க ஓடுவதற்கு ஆகும் மின்சாரமே அவ்வளவுதான்! எங்களிடம் 400 வாட் சோலார் பலகைகள் உள்ளன. நல்ல வெயில் நாளில் அவை 100 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் தரும். மழைக்காலத்தில் அதில் பாதி கிடைத்தாலே மகிழ்ச்சி. முடிந்தவரை மழைநாளின் வரவுக்குள் அடங்குகிற செலவைத்தான் நிரந்தரச் செலவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பேட்டரியை லித்தியமாக மாற்றிவிட்டால் இந்தக் கவலை தீருமா?

ஓரளவுக்குத் தீரும். ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 விழுக்காடு தயங்காமல் எடுக்கலாம். ஆனால் பெட்டியை மட்டும் மாற்றி இணைத்துவிடாதீர்கள். லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். என்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் முழுச் சுமையில் ஓடிச் சூடேறிக் கருகிவிடும். நடுவே, மின்னோட்டத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் ஒன்றையும், பேட்டரிக்கு மிக அருகில் சரியான ஃபியூஸையும் போட வேண்டும். வரவு கூடாமல் பானையை மட்டும் பெரிதாக்கினால் பானை நிறையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இட்லி மாவு அரைக்க முடியுமா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு உற்சாகம் பிறந்துவிடும். முடியும், நன்றாகவே முடியும்.

முதல் ஆண்டு மிக்ஸியில் அரைத்தோம். 750 வாட் மிக்ஸி தொடங்கும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். எங்கள் பழைய இன்வெர்ட்டர் ‘கீ’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். உளுந்தும் சூடாகிப் பொங்காமல் போனது. பிறகு பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் இரண்டு லிட்டர் மேசை கிரைண்டர் ஒன்றை வாங்கினோம். மோட்டார் 150 வாட்தான். 14 ஆம்பியர் வீதம் முப்பது நிமிடம் ஓடினால் 7 ஆம்பியர்-மணி. ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பதில் பாதி! வாரம் ஒருமுறை, நண்பகல் வெயிலில், பலகைகள் முழு வேகத்தில் மின்சாரம் கொட்டும் நேரத்தில் அரைப்பேன்.

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இன்வெர்ட்டர் தூய சைன் அலை (வீட்டு மின்சாரம்போலச் சீரான அலை) தருவதாக இருக்க வேண்டும். மலிவான வகையில் மோட்டார் முனகும், சூடேறும். இன்வெர்ட்டரின் மின்னழுத்தமும் பொருந்த வேண்டும். மலேசியாவும் இந்தியாவும் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட் சுற்றில் இயங்குபவை. அமெரிக்காவில் கட்டிய படகு என்றால் உள்ளே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இருக்கும். நம் ஊர் கிரைண்டர் அதில் ஓடாது. கடைசியாக, அரைக்கும்போது படகு அமைதியாக நிற்க வேண்டும். பக்கத்தில் போன வேகப் படகின் அலையில் ஒருமுறை பாத்திரம் சாய்ந்து, கல்லோடு மாவு தரையில் கொட்டியது. அதன்பின் கிரைண்டருக்கு அடியில் ரப்பர் விரிப்பும், இடுப்பில் ஒரு பட்டையும் போட்டோம்.

புளிக்க வைப்பதற்கு இந்த வெப்பத்தில் ஆறு ஏழு மணி நேரம் போதும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு வைக்கக் கூடாது. படகு அடுப்பு இரண்டு பக்கமும் ஆடும்படி அச்சில் தொங்குகிறது. படகு சாய்ந்தாலும் அடுப்பு சமமாகவே நிற்கும். இரவு மாவுப் பாத்திரத்தை அந்த அடுப்பின் மேல் வைத்து, பாத்திரம் நகராதபடி அடுப்பின் பிடிகளைத் திருகிவிடுவேன். அலையடிக்கும் இரவிலும், காலையில் எழுந்து பார்த்தால் மூடியை முட்டிக்கொண்டு பொங்கியிருக்கும். அந்த வாசனையில் படகு வீடாகிவிடுகிறது.

ஃபிரிட்ஜ் குளிரவில்லை. மாற்றிவிடலாமா?

பொறுங்கள். மாற்றச் சொல்வது எளிது. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

படகு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது, முன்பு டான்ஃபோஸ் என்றும் இப்போது செகோப் என்றும் விற்கப்படும் பிடி35 அல்லது பிடி50 என்ற சிறு கம்ப்ரசர். எங்களுடையது ஒருநாள் ஓடத் தொடங்கும், நின்றுவிடும், ஒரு நிமிடம் கழித்து மறுபடி முயலும். கரையிலிருந்து வந்தவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கம்ப்ரசர் போய்விட்டது, முழுத் தொகுதியும் மாற்ற வேண்டும் என்றார். விலையும் சொன்னார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

அந்தக் கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறு விளக்கு ஒன்றை இணைக்க இடமுண்டு. பழுது இருந்தால் நான்கு விநாடிக்கு ஒருமுறை அது சிமிட்டும். ஒரு சிமிட்டல் என்றால் மின்னழுத்தம் போதவில்லை; இரண்டு என்றால் மின்விசிறி அதிகம் இழுக்கிறது; மூன்று என்றால் மோட்டார் தொடங்க முடியவில்லை; நான்கு என்றால் மோட்டார் போதிய வேகத்தில் சுழலவில்லை; ஐந்து என்றால் பெட்டி சூடேறிவிட்டது. மெத்தையை விலக்கி, வயிற்றில் படுத்தபடி எட்டிப் பார்த்தேன். ஒன்று. நான்கு விநாடி. ஒன்று.

மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். கம்ப்ரசர் தொடங்கும் நொடியில் அதன் முனையில் 10.2. வழக்கமான அமைப்பில் 10.4க்குக் கீழே போனால் அது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு. நடுவே எங்கோ இரண்டு வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், ஃபியூஸ் பிடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்தப் பிடியை எடுத்துவிட்டுப் புதியது போட்டு, வெள்ளீயம் பூசிய சற்றுத் தடித்த கம்பியால் இணைத்தேன். அன்று மாலையே பனி கட்டியது. அதே கம்ப்ரசர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனவே வரிசை இதுதான்: சிமிட்டலை எண்ணுங்கள், மின்னழுத்தத்தை ஓடும்போது அளவெடுங்கள், கம்ப்ரசரைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கிறதா, பைகளைத் திணித்து அடைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், கதவின் ரப்பரில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி இழுத்துப் பாருங்கள். காகிதம் வழுக்கி வந்தால் ரப்பரைத்தான் மாற்ற வேண்டும்.

உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டும் என்றால்?

1980களில் கட்டிய படகில் ஆர்12 என்ற பழைய குளிரூட்டும் வாயு போட்ட தொகுதி இருந்தால் அதைப் பழுதுபார்க்க முயல வேண்டாம். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கை அந்த வாயுவின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அப்படியே மாற்றுங்கள்.

கம்ப்ரசரைவிடப் பெட்டிச் சுவரின் தடிமனுக்குக் காசு செலவழியுங்கள் என்பேன். இந்த வெப்பத்தில் பத்து சென்டிமீட்டர் பாலியூரித்தேன் நுரை வேண்டும். மேலே திறக்கும் பெட்டி நல்லது. முன்பக்கம் திறக்கும் கதவென்றால், திறந்ததும் குளிர்ந்த காற்று காலடியில் கொட்டிவிடும். படகு சாய்ந்திருந்தால் தயிர்ப் பாத்திரமும் கூடவே கொட்டும்.

மரினாவில் கரை மின்சாரம் இருக்கிறதே. மலிவான வீட்டுச் சாதனங்களையே வாங்கினால் என்ன?

சிலவற்றை வாங்கலாம். நாங்கள் வைத்திருக்கும் மிக்ஸியும் கிரைண்டரும் வீட்டுச் சாதனங்கள்தான். எடுத்து வைத்துப் பூட்டக்கூடிய சிறு சாதனம் என்றால் சரி. நிரந்தரமாகப் பொருத்தும் பெரிய சாதனத்தில் மெல்லிய இரும்புத் தகடு உப்புக் காற்றில் ஓராண்டிலேயே பொரிந்துவிடும். கரை மின்சாரத்தின் எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு நம் படகும் மின்தொடர்பு கொள்கிறது என்பது இன்னும் முக்கியம். அதனால் நம் புரொப்பெல்லரைக் காக்கும் துத்தநாகக் கட்டி சில வாரத்தில் கரைந்துபோகலாம். எர்த் கம்பியை வெட்டிவிடுவது தீர்வு ஆகாது. அது உயிரைக் குடிக்கும். எர்த் கம்பி வழியே ஓடும் அந்தச் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் ஒன்றும், கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்சும் பொருத்துங்கள்.

புதிய சாதனத்தைப் படகுக்குள் கொண்டுபோவது எப்படி?

கடைக்குப் போகும்முன் மூன்று அளவுகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: வைக்கப்போகும் இடம், இறங்கும் வாசல், நடுவிலிருக்கும் மிகக் குறுகலான திருப்பம். எங்கள் வாசல் 56 சென்டிமீட்டர். கைப்பிடியும் பின்பக்கக் குழாயும் அட்டவணையில் போட்டிருக்கும் அளவில் சேராது. புதிய அடுப்பு வாங்கும்முன் அதன் அளவில் மெல்லிய ஒட்டுப்பலகைச் சட்டம் ஒன்றைச் செய்து, வாசல் வழியாக இறக்கி, இடத்தில் வைத்து ஆட்டியும் பார்த்தோம். பின்சுவரில் இரண்டு சென்டிமீட்டர் இடித்தது. வேறு மாதிரி வாங்கினோம். அந்த ஒரு மணி நேர வேலை எங்களைப் பெரிய நட்டத்திலிருந்து காப்பாற்றியது.

கரைக்கும் படகுக்கும் போய்வரும் டிங்கி என்ற சிறு படகில் ஏற்றும்போது அலை தணிந்த அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள். படகில் ஏற்றப் பாய்மரத்தின் குறுக்குக் கட்டையும் கப்பியும் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் கைமாற்றித் தூக்க வேண்டாம். அட்டைப்பெட்டியைக் கரையிலேயே பிரித்துப் போட்டுவிடுங்கள்.

அட்டைப்பெட்டியை ஏன் ஏற்றக் கூடாது?

கரப்பான். அட்டையின் மடிப்புகளுக்குள் முட்டைக்கூடு ஒட்டிக்கொண்டு வரும். ஒருமுறை குடியேறிவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு. போரிக் அமிலத்தையும் கெட்டியான டின் பாலையும் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி அலமாரி இடுக்குகளில் வைப்பது எங்கள் வழி. குழந்தைகளோ பூனையோ இருக்கும் படகில் இதைச் செய்யாதீர்கள். வாழைத்தாரைக் கடல்நீரில் முக்கி எடுத்த பிறகே தொங்கவிடுவோம்.

பூஞ்சை?

வெள்ளை வினிகரில் துடைத்து, காற்றோட விடுங்கள். மெத்தைக்கு அடியில் பலகைச் சட்டம் வைத்து இடைவெளி கொடுங்கள். மூடிய அலமாரிக் கதவுகளில் துளை போடுங்கள்.

சமையல் எரிவாயு ஆபத்தில்லையா?

ஆபத்துதான், அதனால்தான் விதிகள் இருக்கின்றன. இந்த வாயு காற்றைவிட எடை கூடியது. வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியே வெளியேற வாய்ப்புண்டு. படகு என்பது ஒரு கிண்ணம்; கசிந்த வாயு பில்ஜில் இறங்கித் தங்கும். சிலிண்டர் வெளித்தளத்தில், அடியில் கடலை நோக்கி வடிகால் துளை உள்ள தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். கசிவு உணரும் கருவியை அடுப்புக்குக் கீழே, தரையோரம் பொருத்த வேண்டும். சமையல் முடிந்ததும் சிலிண்டரையே மூடிவிட்டு, குழாயில் மிச்சமிருப்பதை எரியவிட்டு அணைக்கிறோம்.

நாடு மாறினால் சிலிண்டரும் மாறும். மலேசியாவில் 12, 14 கிலோ, இந்தியாவில் 14.2, இலங்கையில் 12.5. வால்வும் ரெகுலேட்டரும் ஒன்றோடொன்று பொருந்தாது. அடுப்பை மாற்றும்போது அது எந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டது என்று பார்த்து, அதற்கேற்ற ரெகுலேட்டரைப் போடுங்கள். எரிவாயுவைச் சிக்கனப்படுத்த குக்கரைவிட நல்ல துணை இல்லை. அலையில் கவிழ்ந்தாலும் மூடி பூட்டியே இருக்கும். காஸ்கெட் இரண்டும் விசில் ஒன்றும் எப்போதும் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

கழிவறை பற்றி யாரும் எழுதுவதில்லையே?

எழுத வேண்டியதுதான். கைப்பம்பில் கடல்நீர் இழுத்து வேலை செய்யும் வகை எங்களுடையது. கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்புபோலப் படியும். 38 மில்லிமீட்டர் குழாய் நாளடைவில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிடும். வாரம் ஒரு குவளை வினிகர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். பம்பு இறுகினால் ஒரு கரண்டி சமையல் எண்ணெய். பின்னோக்கி வராமல் தடுக்கும் ரப்பர் வால்வை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தின்று செரித்ததைத் தவிர வேறெதையும் உள்ளே போடக் கூடாது. விருந்தினரிடம் வெட்கப்படாமல் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

உதிரிப்பாகம் எங்கே வாங்குகிறீர்கள்?

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு; குவா ஊரில் படகுச் சாமான் கிடைக்கும். மற்ற நாடுகளில், பயணத்தில் இருக்கும் அயல்நாட்டுப் படகுக்கு வரும் உதிரிப்பாகங்களுக்குப் பல இடங்களில் வரிவிலக்கு உண்டு. படகின் பதிவுச் சான்று நகலைக் கையில் வைத்திருங்கள், பொட்டலத்தின் மேல் படகின் பெயரை எழுதச் சொல்லுங்கள். என்ஜினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம், பெல்ட், ஃபியூஸ், கழிவறைப் பம்பின் ரப்பர் தொகுப்பு, குழாய்க் கிளிப்புகள் ஆகியவை கெட்டுப்போகும்முன்பே படகில் இருக்க வேண்டும். கிளிப் வாங்கும்போது திருகு உட்பட முழுதும் 316 ரக எவர்சில்வரா என்று கேட்டு வாங்குங்கள்; காந்தம் பலமாக ஒட்டினால் அது அந்த ரகம் இல்லை. மலிவானதில் பட்டை மட்டும் நல்லதாக இருக்கும், திருகு துருப்பிடிக்கும். எங்கள் தொட்டிக்கடியில் அறுந்தது அந்த வகைதான்.

பழைய சாதனத்தைக் கடலில் போட்டுவிடலாமா?

கூடாது. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு எந்தக் கடலிலும் பிளாஸ்டிக் போடுவதைத் தடை செய்கிறது. 2013 முதல் பொதுவாகவே குப்பை கொட்டத் தடை. உணவுக் கழிவு போன்ற சிலவற்றுக்கு மட்டும், அதுவும் கரையிலிருந்து தொலைவில், விலக்கு உண்டு. பழைய ஃபிரிட்ஜின் வாயுவை வெளியே திறந்துவிடவும் கூடாது. உறிஞ்சி எடுக்கும் கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். மற்ற படகுக்காரர்களையும் கேளுங்கள். எங்கள் பழைய அடுப்பின் பர்னர்கள் இன்று வேறொரு படகில் எரிகின்றன.

இரண்டு மாதம் ஊருக்குப் போகிறோம். படகை எப்படி மூடிவைப்பது?

முந்திய நாளே ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, அணைத்து, மூடியை மரக்கட்டை வைத்துத் திறந்தே விடுங்கள்; மூடினால் உள்ளே பூஞ்சை பூக்கும். அரிசி, மாவு, பருப்பு எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குடிநீர் இயந்திரத்தை மருந்தில் ஊறவையுங்கள். கழிவறைக்குள் நல்ல தண்ணீர் இரண்டு வாளி ஊற்றிப் பம்பு அடித்துவிட்டு வால்வை மூடுங்கள். சிலிண்டரை மூடுங்கள். சுவர்களை வினிகரில் துடையுங்கள். தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பு தவிர மற்ற எல்லா மின்சுவிட்சுகளையும் அணையுங்கள். சோலார் பலகை ஓடட்டும். மூடிய வால்வுகளை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை என்ஜின் சாவியில் கட்டிவிடுங்கள். திரும்பி வந்து சாவியைத் தொடும் கை முதலில் அந்தத் தாளைத்தான் பிடிக்கும். என்ஜினைக் குளிர்விக்கும் நீர் வரும் வால்வைத் திறக்காமல் யாரும் என்ஜினை இயக்க மாட்டார்கள்.